கிடாரைக் கவிழ்த்து ஆட்டும் கலை

கிடார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை நான் பிசிறில்லாமல் செய்யக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த வட்ட ஓட்டைக்குள் விழுந்த பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சின்ன வில்லையை, வெளியே எடுப்பது. சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். குறுக்கே ஆறு கம்பி ஓடுவதால் உள்ளே கையை விட முடியாது. முதலில் கிடாரை மல்லாக்கப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்து, பிக்கை ஓட்டைக்கு நேர் கீழே நகர்த்திக் கொண்டுவர வேண்டும். அப்புறம் ஒரே வெட்டில் கவிழ்த்து ஆட்ட வேண்டும். அரை நொடி தாமதித்தால்கூட அது ஓடிப்போய், உள்ளே தாங்கலுக்கு ஒட்டியிருக்கும் மரச்சட்டத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும்.

ஆனால் மற்ற சங்கதிகளில் என் நிலைமை இவ்வளவு நன்றாக இல்லை.

ஆரம்பமே கோணல். ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் தொடங்கினேன். முதல் பாடம் இ மைனர் என்கிற கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற விரல்பிடி), இரண்டே விரல் போதும், ஐந்தாவது கம்பியிலும் நான்காவது கம்பியிலும் இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கிற கட்டம்) அழுத்துங்கள் என்றார்கள். மடியில் இருந்த கிடாரைக் குனிந்து பார்த்து மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி அழுத்தினேன். மேலே இருப்பதுதானே முதலாவது, நாம் அப்படித்தானே எதையும் எண்ணுகிறோம்! கிடாரில் மட்டும் கீழே கிடக்கிற ஒல்லிக்கம்பிதான் முதலாவது, மேலே இருக்கும் தடியன் ஆறாவது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இ மைனர் கொஞ்சம் சோகமாகக் கேட்கும் என்று சொன்னார்கள், எனக்கோ நல்ல குஷியாகக் கேட்டது. சோகத்தையே இவ்வளவு சந்தோஷமாக வாசிக்கிறோமே, கையில் ஏதோ வித்தை இருக்கிறது போல என்று நான்கு நாள் பெருமையாகத் திரிந்தேன். உண்மையில் நான் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு விரல் குறைந்த ஏ மேஜர், இயல்பிலேயே குஷியாகக் கேட்கிற கார்டு.

அடுத்தது சுருதி சேர்க்கும் படலம். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற சுரங்கள். தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் டியூனர் ஒன்று வாங்கியிருந்தேன், கம்பியைத் தட்டினால் எழுத்தைக் காட்டும், முள் நடுவுக்கு வந்து பச்சை விளக்கு எரிந்தால் சரி. இரண்டாவது கம்பியைத் தட்டினேன், பி-க்குக் கொஞ்சம் கீழே நின்றது. முடுக்கியைத் திருகினேன். முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன், அசையவில்லை. டியூனரில் பேட்டரி போய்விட்டதோ என்று கழற்றித் தட்டி மாட்டிவிட்டு, இந்த முறை இரண்டு சுற்று. 'டப்!' என்றது, ஏதோ ஒன்று சாட்டை மாதிரி என் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. இரண்டாவது கம்பியைத் தட்டித் தட்டி முதல் கம்பியின் முடுக்கியைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கிடாரில் பக்கத்துக்கு மூன்று முடுக்கிகள், கழுத்துக்கு மிக அருகில் இருப்பதுதான் முதல் கம்பிக்கு. அந்தக் கம்பியின் கனம் வெறும் 0.3 மில்லிமீட்டர். அது எனக்காக அவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டதே பெரிது.

சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, உடைஞ்சிடுச்சா?" என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது என்பது என் சந்தேகம்.

விரல் வலியைப் பற்றி எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அதனால் அதில் அதிர்ச்சி இல்லை. ஆனால் செல்போன் என்னைக் கைவிடும் என்று யாரும் சொல்லவில்லை. பூட்டைத் திறக்க இடது ஆள்காட்டி விரலின் ரேகையைத்தான் பதிந்து வைத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கம்பியை அழுத்திவிட்டு விரலை வைத்தால், ரேகைக்குக் குறுக்கே புதிதாக இரண்டு கோடு ஓடுகிறது, போன் ஏற்க மாட்டேன் என்கிறது. பொருந்தவில்லை, பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று மூன்று முறை. வாசித்ததைக் கேட்டுவிட்டுச் சொல்கிறதோ என்றுகூடத் தோன்றியது. இப்போது வலது கைக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம் எஃப். இந்தக் கார்டைக் கண்டுதான் பலர் கிடாரைப் பரணில் ஏற்றுகிறார்களாம், ஏன் என்று இப்போது புரிகிறது. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிக்கும் குறுக்கே சட்டம் மாதிரி கிடத்த வேண்டும், மிச்ச மூன்று விரலும் தனித்தனியாக வேறு மூன்று கம்பியில் நிற்க வேண்டும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவேன். மணிக்கட்டு வலிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு நின்றுவிடும். தட்டினால் 'தொக், தொக்' என்று மரத்தைத் தட்டுகிற சத்தம். ஒரு மாதம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. மூன்று கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்வதால், ஆள்காட்டி விரல் உண்மையில் ஒலிக்க வைக்க வேண்டியது ஆறாவது, இரண்டாவது, முதலாவது, இந்த மூன்றை மட்டும்தான். நான் என்னவோ ஆறையும் நசுக்கிக்கொண்டிருந்தேன். விரலைத் தட்டையாக வைக்காமல் எலும்பு இருக்கும் ஓரமாகச் சற்றுப் புரட்டி வைத்ததும் நாலு கம்பி பேசின. அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டுக்குத் தள்ளிப் பிடித்தால் அது ஏ மேஜர், அழுத்தவும் சுலபம், ஆறும் பேசின. அன்று இரவு தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

மகளுக்குப் பத்து வயது. அவள்தான் என் ஒரே ரசிகை, அதாவது எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவள். எனக்கு சி-யிலிருந்து எஃப்-க்கு விரல் மாற நான்கு நொடி ஆகும். பாட்டில் அந்த இடம் வந்தால் குரலை நிறுத்திவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். ஒருநாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, நெட் ஸ்லோவா இருக்கிற மாதிரியே வாசிக்கிறீங்க" என்றாள். கோபப்படவும் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பிக் உள்ளே விழுந்தது. மல்லாக்கப் பிடித்துச் சாய்த்தேன், கவிழ்த்து ஆட்டினேன். அன்றைக்கு அது லேசில் வருவதாக இல்லை, சலக் சலக், சலக் சலக் என்று உள்ளேயே உருண்டது. நானும் விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது. "இன்னிக்குத்தாங்க தாளம் சரியா வருது, அப்படியே விடாம வாசிங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு நிமிடம் ஆட்டினேன். கடைசியில் பிக் வெளியே விழுந்தது, கூடவே ஒரு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த இன்னொரு பிக்கும், மகளின் அழிரப்பர் பாதியும்.