23-ஆம் நாளில் தலைகாட்டிய பார்ஸ்லி

பார்ஸ்லி முளைத்துவிட்டது! கொத்தமல்லியின் உறவுக்கார இலைதான் இது. மூன்றாவது முயற்சி, 23-ஆம் நாள், காலை ஆறே கால் மணி. மூடியிருந்த சாக்கை விலக்கினால் நாற்றுத் தட்டின் ஓரத்தில் அறுந்த நூல் போல ஒன்று வளைந்து நிற்கிறது. காபியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு பூதக்கண்ணாடி தேடப் போனேன். திரும்பி வந்தபோது காபி ஆறியிருந்தது. நூல் பச்சைதான். இன்று 27-ஆம் நாள். விதைத்த 60-இல் 11 எழுந்திருக்கின்றன. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கொத்தமல்லி மட்டும் போட்டவர்கள் கேட்கலாம். பார்ஸ்லி போட்டவர்கள் கேட்கமாட்டார்கள்.

முதல் இரண்டு தோல்விகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாக்கெட்டில் விலை ஒட்டிய தாளை உரித்துப் பார்த்தபோதுதான் அடியில் காலாவதித் தேதி தெரிந்தது: இரண்டு வருடம் பழசு. பார்ஸ்லி விதை இரண்டு மூன்று வருடங்களில் வீரியம் இழந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டேன், "விதை விதைதானே சார்" என்றார். இரண்டாவது தோல்வி முழுக்க என்னுடையது. சேலத்தில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் தண்ணீர் இல்லை. பெங்களூரு அல்சூர் வெயிலில் தேங்காய் நார்த்தூள் ரஸ்க் போலக் காய்ந்துபோயிருந்தது.

இந்த முறை ஊறவைப்பதில் விடாப்பிடியாக இருந்தேன். பார்ஸ்லி விதைக்குள் ஹெராக்ளெனால் போன்ற கூமரின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. முளைப்பைத் தடுப்பவை அவைதான். ஐரோப்பாவில் இந்த விதை பல முறை சாத்தானிடம் போய் வந்த பிறகே முளைக்கும் என்று சொல்வார்களாம். சாத்தானுக்குப் பதிலாக டீ வடிகட்டியை நம்பினேன். விதையை அதில் போட்டுக் கிண்ணத்து நீரில் அமிழ்த்தி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நீரை மாற்றினேன். முதல் நீர் வெளிர் தேநீர் நிறம், நான்காவது கிட்டத்தட்டத் தெளிவு. அந்த வடிகட்டியை அம்மா இனி சமையலறைக்குள் விடுவதாக இல்லை.

அடுத்த தலைவலி மூடாக்கு. பிளாஸ்டிக் தாள் போட்ட தட்டில் ஐந்தாம் நாளே வெள்ளைப் பூஞ்சை. பழைய வேட்டித் துண்டு காலை 11 மணிக்கே காய்ந்துவிட்டது. மடித்து நனைத்த அரிசிச் சாக்கு, சணல் சாக்குதான், பிளாஸ்டிக் நெசவு அல்ல, மாலை வரை ஈரம் தாங்கியது. குவளையால் மேலே தண்ணீர் ஊற்றினால் விதைகள் மிதந்து ஒரு மூலையில் கூடிவிடுகின்றன. அதனால் தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊறவிட்டேன். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். அரை நாள் தாமதித்ததற்கே இரண்டு நாற்றுகள் வெளிறி, நெட்டையாகிச் சாய்ந்துவிட்டன.

இவ்வளவு பாடும் அப்பாவுக்காகத் தொடங்கியது. கால் வீக்கத்துக்குப் பார்ஸ்லி நீர் நல்லது என்று யாரோ அவருக்கு வீடியோ அனுப்பிவிட்டார்கள். தேடிப் படித்தேன். 2002-இல் பெய்ரூட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வில், தண்ணீருக்குப் பதிலாகப் பார்ஸ்லி விதைச் சாறு குடித்த எலிகள் 24 மணி நேரத்தில் கூடுதலாகச் சிறுநீர் கழித்தன. சிறுநீரகத்தில் சோடியம், பொட்டாசியத்தைத் திரும்ப உறிஞ்ச உதவும் பம்ப்பை அந்தச் சாறு தடுக்கிறது, அதனால் நீரும் கூடவே வெளியேறுகிறது என்பது அவர்கள் விளக்கம். சரி, ஆனால் அது எலி, அதுவும் விதை. வீடியோவில் கொதித்ததோ இலை. விதைதானே என்று விதைப்புப் பாக்கெட்டைக் கொதிக்கவைத்துவிடாதீர்கள், பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வீட்டிலேயே இருந்தது. அப்பா ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். 100 கிராம் பார்ஸ்லியில் சுமார் 1,640 மைக்ரோகிராம் வைட்டமின் கே, கொத்தமல்லியில் 310. ரத்தம் உறைய உதவும் அந்த வைட்டமினின் வேலையைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. திடீரென்று ஒரு கைப்பிடி கீரையைக் கூட்டினால் மருந்தின் கணக்கே தவறிவிடும். டாக்டரும் "கீரை எதுவானாலும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், புதிதாக எதையும் தொடங்காதீர்கள்" என்றுவிட்டார். கால் வீக்கத்துக்கும் அவரிடம்தான் மருந்து. அப்பாவுக்கு இதில் வருத்தமே இல்லை. "அந்தப் பச்சைத் தண்ணீரை யார் குடிப்பார்?" என்றார்.

மனிதர்களிடம் செய்ததும் ஒன்று படித்தேன். 1999-இல் டென்மார்க்கில் 14 பேர் ஒரு வாரம் தினமும் 20 கிராம் பார்ஸ்லி சாப்பிட்டார்கள். அதிலுள்ள ஏபிஜெனின் என்ற தாவரப் பொருள் சிறுநீரில் தென்பட்டது. ரத்தத்தில் இரண்டு ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளின் செயல்பாடு கூடியது. நோய் எதையும் குணமாக்கிப் பார்த்த ஆய்வு அல்ல. 20 கிராம் என்றால் எவ்வளவு என்று ரஸல் மார்க்கெட்டில் வாங்கிய கட்டைத் தராசில் வைத்தேன். ஆய்ந்த இலை ஒரு சாப்பாட்டுத் தட்டை மூடிவிட்டது. என் பதினொரு நாற்றுகளுக்கு அந்தத் தராசின் முள்ளே அசையாது.

மீதிக் கட்டை கொத்தமல்லி என்று நினைத்து அம்மா ரசத்தில் போட்டுவிட்டார். ஒரே குடும்பச் செடிதான், பெருங்காயமும் சீரகமும்கூட அதே குடும்பம். ஆனாலும் ரசம் புல் வாசனை அடித்தது. பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் கோதுமை ரவையும் சேர்த்து லெபனான்காரர்கள் செய்யும் தபூலேதான் அதற்கு மரியாதை.

இப்போதைக்கு விதையிலைக்குப் பின் வரும் நிஜ இலைகளில் இரண்டாவது ஜோடிக்குக் காத்திருக்கிறேன், வந்ததும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஆணிவேர் செடி, பெரிதான பிறகு பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். சித்தாபுரா நர்சரிகளில் ஓரடி ஆழத் தொட்டி பார்த்து வைத்திருக்கிறேன், விலைதான் படியவில்லை. அங்கேயே சுருள் இலை வகை விதையும் இருந்தது. இந்த முறை விலைத்தாளை அங்கேயே உரித்துத் தேதி பார்த்தேன், கடைப்பையன் முறைத்தான். வாங்கிவிட்டேன். வடிகட்டி மறுபடி ஊறிக்கொண்டிருக்கிறது, இரவு 10 மணிக்கு மூன்றாவது நீர் மாற்ற வேண்டும்.