பேப்பர் இருக்கா, அண்ணே?

நான்கு வருடத்துக்கு முந்திய விளம்பரம் இன்னும் எங்கேயோ கிடக்கிறது போலிருக்கிறது. மாதத்தில் ஒருவராவது கூப்பிடுகிறார். போன கிழமை பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி. “அல்சேஷன் குட்டி இருக்கா, அண்ணே? பேப்பர் இருக்கா?” இல்லை தம்பி, நான் விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கொழுந்து வாட்டும் மாடியில் விசிறிச் சத்தத்துக்கு நடுவே நின்றிருந்தேன், சொல்ல முடியவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் எனக்கு வேலை. 2017இல் கண்டிப் பக்கமிருந்து ரோசியை வாங்கி வந்தேன். அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) பொட்டைக் குட்டி, கென்னல் கிளப் பேப்பரோடு. பேப்பர் என்றால் நாயின் வம்சத்தை எழுதிய பதிவுச் சான்றிதழ். சின்ன வயதில் தோட்டத்துத் துரை பங்களாவின் கேட்டுக்கு வெளியே நின்று அந்த மாதிரி நாயைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்கு இறைச்சி அவித்துப் போடத் தனி ஆள் இருந்தார். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நாய்களோ கிடைத்ததைத் தின்றன. அப்படி ஒரு நாய் என் வாசலில் படுத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. குட்டி வாங்க வந்த பலரிடமும் அதே ஆசையைப் பார்த்தேன்.

ரோசி மூன்று ஈத்து போட்டாள். முதல் இரண்டு ஈத்தும் நல்லபடியாகப் போயின. பேப்பர் இல்லாமல் விற்றால் 35,000 ரூபா, பேப்பரோடு 65,000. அந்த 30,000 ரூபா வித்தியாசம்தான் என்னை அடுத்த முறை கண்ணை மூட வைத்தது. 2021இல் மூன்றாவது ஈத்துக்குக் கடுவன் தேடியபோது, ரோசியை எனக்கு விற்றவரே தன்னிடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அதன் தகப்பனும் ரோசியின் தகப்பனும் ஒரே நாய். ஒரே வம்சத்துக்குள் சேர்ப்பதா என்று நான் தயங்கினேன். “அது லைன் பிரீடிங், எல்லாரும் செய்றதுதான், அப்பதான் லட்சணம் வரும்” என்றார். பேப்பர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். கிடைக்கும் என்றார், கிடைத்தது.

அன்றைக்கு அவருடைய கொட்டகையையும் பார்த்தேன். கம்பி வலைக் கூடுகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டை. பொதுவாக நாய்க்கு ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும். அங்கே ஒரு பருவத்தையும் விடுவதில்லை என்று அவர் பெருமையாகவே சொன்னார். கடைசிக் கூட்டில் இருந்தது ரோசியின் தாய். மடி தரையில் உரசத் தொங்கியது, வாலை ஒருமுறை அசைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகும் நான் ரோசியை அங்கே விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது.

ஆறு குட்டிகள். அதில் ஒன்றை மேல் டிவிஷன் லயத்துப் பெரியம்மா ஒருவர் வாங்கினார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். நாட்சம்பளம் 1,000 ரூபாவான வருடம் அது, 65,000 ரூபா எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அவர் தன் சேமலாப நிதிக் காசிலிருந்து எண்ணிக் கொடுத்தார். முன்பு வளர்த்த மணியைப் புலி தூக்கிக்கொண்டு போயிருந்தது (சிறுத்தையை நாங்கள் புலி என்றுதான் சொல்வோம், தேயிலைக் காட்டோரம் இருக்கிற லயங்களில் இது நடப்பதுதான்). தனியாக இருக்கிறேன், பெரிய சாதி நாயாக இருந்தால் தைரியம் என்றார். டைகர் என்று பெயர் வைத்தார்.

பத்தாவது மாதத்தில் கூப்பிட்டார். “என்னமோ தெரியல தம்பி, படியேற யோசிக்குது.” போய்ப் பார்த்தேன். மலைநாட்டில் எல்லாமே படிதான். ரோட்டிலிருந்து லயத்துக்குப் படி, தண்ணீர்ப் பீலிக்குப் படி, முற்றத்திலிருந்து இஸ்தோப்புக்கு (முன் திண்ணை) படி. டைகர் முன்காலை மேல்படியில் வைத்துவிட்டுப் பின்காலை இழுக்க முடியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தது. முயல் மாதிரி இரண்டு பின்காலையும் சேர்த்துத்தான் எடுத்து வைத்தது.

அது 2022, பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த காலம். வாகனம் கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் அது வலியோடு கிடந்தது. கடைசியில் ஒரு வேன் பிடித்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து டொக்டர் விளக்கினார். இடுப்பில் தொடை எலும்பின் உருண்டை ஆழமான குழியில் உட்கார வேண்டும். டைகருக்குக் குழியே தட்டை, உருண்டை பாதி வெளியில் நின்றது. பரம்பரையாக வருவது, இந்த இனத்தில் அதிகம் என்றவர், “தாய் தகப்பனுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா?” என்று கேட்டார். எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. பேப்பர் தரும்போது அதை யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்து டைகரின் பேப்பரை விரித்தேன். மூன்று தலைமுறை, 14 பெயருக்கு இடம். விரலால் எண்ணினேன். 11 நாய்தான் இருந்தது. இரண்டு பக்கத்துப் பாட்டனும் ஒரே பெயர், அதன் தாய் தகப்பனும் இரண்டு முறை. தடித்த தாள், மேலே முத்திரை. இடுப்பைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்புறம் பல இரவு வேலையில் போனில் இதையே படித்தேன். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கினார்கள், அடுத்த வருடம் முதல் பதிவுப் புத்தகம் வந்தது. எந்த நாய் எந்த நாய்க்குப் பிறந்தது என்று எழுதி வைப்பதுதான் அந்தப் புத்தகத்தின் வேலை. புத்தகத்தை மூடிவிட்டால், அதாவது பதிந்த நாய்களின் குட்டிகளை மட்டும் பதிந்தால், வெளியிலிருந்து புது இரத்தம் வர வழியில்லை. 2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் பிரித்தானியாவிலுள்ள சுமார் 10,000 பக் நாய்களின் மரபணு வேறுபாட்டைக் கணக்கிட்டார்கள். அது வெறும் 50 நாய்க்குச் சமமாக இருந்தது. அதே வருடம் பிபிசி இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சி காட்டிய பிறகுதான் தாய்-மகன், தகப்பன்-மகள், கூடப்பிறந்தவை சேர்ந்து போடும் குட்டிகளைப் பதிய மாட்டோம் என்று அந்தக் கிளப் 2009இல் முடிவெடுத்தது. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்தவை அந்தத் தடைக்குள் வரவில்லை. நான் செய்த காரியம் அங்கேயும் தப்பியிருக்கும்.

அல்சேஷன் கதை இன்னும் வேதனையானது. 1899இல் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபொன் ஷ்டெபானிட்ஸ் ஹோராண்ட் என்ற நாயை முதலாவதாகப் பதிந்தபோது, ஆட்டு மந்தையோடு நாள் முழுக்க ஓடுகிற நாய்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஜெர்மன் சங்கம் இன்று இடுப்பு எக்ஸ்ரே பார்க்காமல் குட்டி போட விடுவதில்லை. ஆக, பதிவு என்பதே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எதைப் பதிகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் அப்பா தேயிலைக் கன்று நேர்சரியில் கங்காணியாக இருந்தவர். வீ.பி. தேயிலை ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்டது, மட்டமாக வளரும், கொழுந்து கூடுதல். ஆனால் கோடை இறுகினால் பழைய விதைத் தேயிலைதான் நிற்கும், அதற்கு ஆணிவேர் இருக்கிறது என்பார். 1869இல் மடுல்சீமையில் கோப்பிச் செடியில் துரு நோய் கண்டது, கொஞ்ச வருடத்தில் இந்த மலை முழுக்க இருந்த கோப்பி போய்விட்டது. ஒரே மாதிரியை மலை மலையாக நட்டால் என்ன ஆகும் என்று நம் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாய் விஷயத்தில் மட்டும் ஏன் எனக்கு அது உறைக்கவில்லை?

சட்டம் என்று பார்த்தால், இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது, தாயோடு வைத்துத்தான் காட்ட வேண்டும். நம் நாட்டில் மிருக வதைக்கு வெள்ளைக்காரன் காலத்து 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் அபராதம் அதிகபட்சமே 100 ரூபா.

சரி, பண்டாரவளைத் தம்பிக்கு: தாயைப் பாருங்கள். அது வசிக்கிற இடத்திலேயே பாருங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். பேப்பரில் ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். எதற்காவது மழுப்பினால் காசை எடுக்காமல் பஸ் ஏறிவிடுங்கள். காவலுக்குத்தான் நாய் வேண்டுமென்றால் உங்கள் லயத்திலேயே நாலு குட்டி திரியும், அதில் ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டு நல்ல சோறு கொடுங்கள். எங்கள் ஸ்டோர் வாசலில் கிடக்கிற கருப்பனுக்குப் பதின்மூன்று வயது, இன்னும் மலையேறுகிறான்.

அந்த ஈத்தில் மற்ற ஐந்து வீட்டுக்கும் கூப்பிட்டேன். இரண்டு நாய் நொண்டுகிறது. ஒருவர் என்னைத் திட்டினார், கேட்டுக்கொண்டேன். கொழும்பு நம்பர் வேலை செய்யவில்லை. ரோசிக்குக் கருத்தடை செய்துவிட்டேன். பெரியம்மாவிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, எண்ணி வாங்கிக்கொண்டார். நாயைத் தருகிறீர்களா என்று கேட்டதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இஸ்தோப்புக்கு ஐந்து படி. பலகை அடித்து ஒரு சரிவு செய்து வைத்திருக்கிறேன். மழைக்கு வழுக்கியதால் பழைய டயரை வெட்டிப் பட்டி பட்டியாக ஆணி அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் முதலில் அந்த ஆணிகளைத் தடவிப் பார்ப்பேன். பெரியம்மா மேலே நின்று “வாடா, மெதுவா வா” என்று கூப்பிட, டைகர் ஒவ்வொரு பட்டியாகக் கால் வைத்து ஏறி வரும்.