உச்சிவேளை: பினாங்கு நாட்குறிப்பு

மார்ச் 30, திங்கள்

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும் என்று கேட்டேன். "பன்னெண்டு மணிக்கு டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. சரி, வாருங்கள் வெளியே என்றேன்.

மைலோ டின்னில் சிமெண்ட் ஊற்றி மீட்டர் கோலை நட்டாயிற்று. கோல் சாய்ந்திருக்கிறது என்று ஒருவன் அடம் பிடித்தான். அப்பா கட்டட கொந்தராக்டர். நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு பிடித்துக் காட்டினான். ஒரு பாகை சாய்ந்தாலே நிழலில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பொய் வந்துவிடும். டின்னுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து நிமிர்த்தினான்.

12.00 மணிக்கு 38 செ.மீ. 1.00 மணிக்குப் பத்தரை. அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

நோட்டுகளைத் திருத்தினேன். பாதிப் பேர் கடைசி வரியில் "12 மணிக்கு நிழல் மிகக் குட்டை" என்று எழுதியிருக்கிறார்கள். அதே பக்கத்தில், இரண்டு விரற்கடை மேலே, தாங்களே அளந்த 38-ம் பத்தரையும் இருக்கின்றன.

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மழை. பாலத்தில் நெரிசல். அம்மா கஞ்சியைத் தொடவில்லை.

ஏப்ரல் 1, புதன்

அந்தப் பன்னிரண்டு மணி என்னை விடமாட்டேன் என்கிறது. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. கண் ஒன்றைச் சொல்லி, பெரியவர்கள் வேறொன்றைச் சொன்னால் பெரியவர்கள் பக்கம் சாய்வதுதான் பாதுகாப்பு என்று நாமே பழக்கி வைத்திருக்கிறோம். பரீட்சைத் தாளில் அதற்குத்தான் மதிப்பெண். அப்புறம் இடைநிலைப் பள்ளியில் போய் "சிந்தி, சிந்தி" என்றால் எங்கிருந்து வரும்?

இன்று பலகையை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் உற்றறிந்தது, வலப்பக்கம் ஊகித்தது. "நிழல் மேற்கே நீண்டிருக்கிறது" இடம். "சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை" வலம். வலப்பக்கம் ஐந்தே நிமிடத்தில் நிரம்பி வழிந்தது. இடப்பக்கத்துக்குத்தான் ஆள் இல்லை. அதிலெல்லாம் என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள் போல.

மாலை வார்டில் டாக்டர் அம்மாவின் கோப்பைப் புரட்டினார், ஒன்றும் பேசாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். இடப்பக்கம் அவ்வளவுதான். வலப்பக்கத்தை இரவு இரண்டு மணி வரை எழுதிக்கொண்டு கிடந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அம்மா தெளிவாக இருந்தார். நிழல் கதையைச் சொன்னேன். நம் கடிகாரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, அது சபாவையும் தாண்டிக் கடலில் கிடக்கிறது, பினாங்கோ 100 பாகையில் இருக்கிறது, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சூரியன் நமக்கு ஒன்றே கால் மணிக்கு மேல்தான் உச்சிக்கு வரும் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"82-ல அரை மணி முன்னால தள்ளினாங்கல்ல, அதுக்கு முன்னால?"

12.52 ஆகியிருக்கும் என்றேன்.

"புத்தாண்டு ராத்திரி முள்ளை நகர்த்துனோம். மறுநாள்லேருந்து இருட்டுலதான் ஃபேக்டரி பஸ். பாயான் லெப்பாஸ் போய்ச் சேர்ற வரைக்கும் விடியாது. சூரியனுக்குத் தெரியுமா கவர்மெண்டு மாத்துனது?"

மிஸ்ஸி (நர்ஸ்) வந்து ரத்தம் எடுத்தார். மறுபடியும்.

நாளை நம் தலைக்கு நேர் மேலே சூரியன். ஜார்ஜ் டவுன் 5.4 பாகை வடக்கு, சூரியன் நாளை 5.3-ல். வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் பெற்றோர் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

வானம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளி, ஆகவே சிலர் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களில் பதினோரு பேர் தங்கினார்கள். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, தரையை மட்டும்தான் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

1.02-க்கு நிழல் 8.8 செ.மீ., மேற்கே. அந்த 8.8-க்கே சண்டை. நிழலின் நுனி கத்தி வெட்டியதுபோல் முடிவதில்லை. சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலத் தட்டு. ஒரு மீட்டர் உயரத்துக்கு நுனியில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் மங்கல் விழும். எது நிழல், எது மங்கல்? நடுவில் கோடு போடுவோம் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள், எல்லா அளவுக்கும் அதே மாதிரி. இதை நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் இவ்வளவு பிடிவாதமாகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள்.

1.08-க்கு மேகம். 1.15, 1.20, 1.25, மேகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிழலுக்காக மட்டும் இல்லை, தெரியும்.

1.37-க்கு வெயில் திரும்பியது. நிழல் இப்போது கிழக்கே! வழக்கமாகப் பின் பெஞ்சில் வாயே திறக்காத பெண் பிள்ளை, "டீச்சர், திரும்ப 8.8 வர்ற வரைக்கும் நிக்கலாம்" என்றாள். நின்றோம். 1.42-க்கு வந்தது. குந்தி உட்கார்ந்து தரையில் சாக்பீசால் கணக்குப் போட்டாள். 1.02-க்கும் 1.42-க்கும் நடு, 1.22. பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாள். வலப்பக்கத்தில் எழுதத் தகுதியான ஊகம் இதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் எல்லாரும் கான்டீனுக்கு ஓடிவிட்டார்கள்.

இரவு கோலாலம்பூர் செந்தூலிலிருந்து தோழி படம் அனுப்பினாள். அங்கே 1.17-க்கு ஒரு மீட்டர் கோலுக்கு 4 செ.மீ. நிழல், தெற்கே. அதாவது 2.3 பாகை. வடக்கு தெற்காக எங்களுக்கிடையே சுமார் 250 கி.மீ. முழு வட்டத்தின் 360 பாகைக்குப் பெருக்கிப் பார்த்தேன். பூமியின் சுற்றளவு 39,000 சொச்சம் வந்தது, உண்மையில் 40,000. பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தீனஸ் எகிப்தில் செய்த வேலையை வாட்ஸ்அப்பில் செய்துவிட்டோம். அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 4, சனி

சொன்னேன். தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் ஈப்போவிலிருந்து வந்தான். இருவரும் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லை. கார் டயரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

ஏப்ரல் 6, திங்கள்

செப்டம்பர் 9 வாக்கில் சூரியன் மறுபடி நம் தலைக்கு மேல் வரும், அன்றைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். 1.22 என்று கைகள் எழுந்தன. அந்தப் பெண் பிள்ளை மட்டும் கை தூக்கவில்லை. "அளந்துட்டுச் சொல்றேன் டீச்சர்."

1.16 வரும். நான் சொல்லவில்லை. கடிகாரம் சீராக ஓடுகிறது, சூரியன் அப்படி ஓடுவதில்லை. அந்தக் கதையைச் செப்டம்பரில் அவர்களே இழுத்து வரட்டும். அதுவரை கோலை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். எனக்குப் போன்.