ரோமல் வாங்கிய ஷூ

நிருபராகச் சேர்ந்த புதிதில், இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் பாலம் கட்டும் வேலையில் இருந்த ஒரு பெரியவரைப் பேட்டி எடுக்க அனுப்பினார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்காரர். திண்ணையில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் பேசினார். மழையில் பூட்ஸ் அழுகிப் பிய்ந்ததையும், ஈரக் காலுறையை ராத்திரி வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்து உடம்புச் சூட்டில் காயவைத்ததையும் அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் பேனாவை மூடிவிட்டு, "அது இருக்கட்டும் ஐயா, எந்தத் தேதியில எங்க சண்டை, தளபதி யாரு?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஆபீசருக்குத்தான் தெரியும் தம்பி" என்றார். மறுநாள் வந்தது ஒரு பத்திச் செய்தி. பெயர், ஊர், வயது, பதக்கம். காலுறை இல்லை.

நான் மூடி வைத்த இடத்தில்தான் கார்னீலியஸ் ரயன் பேனாவைத் திறப்பார் என்பது பல வருடம் கழித்து அவரைப் படித்தபோதுதான் உறைத்தது. 1920இல் டப்ளினில் பிறந்தவர். லண்டன் டெய்லி டெலிகிராஃபின் போர் நிருபராக, குண்டு வீசப் போகும் விமானங்களில் தானும் ஏறிப் போனவர். அப்புறம் அமெரிக்கத் தளபதி பேட்டனின் படையோடு ஐரோப்பாவில் அலைந்தார். 1947இல் அமெரிக்கா போய் காலியர்ஸ் உள்ளிட்ட பத்திரிகைகளுக்கு எழுதினார். 1957 ஜனவரியோடு காலியர்ஸ் நின்றுபோனது. நம்மில் பலருக்குத் தெரிந்த நிலைமைதான், வேலையும் போய், கையில் பாதி எழுதிய ஒரு விஷயம்.

அந்த விஷயம், 1944 ஜூன் 6 அன்று, ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்கிய கதை. அன்று அங்கே இருந்தவர்கள் எழுதுங்கள் என்று விளம்பரம் கொடுத்தார். ஆயிரம் பேருக்கு மேல் எழுதினார்கள். அவர்களுக்கு அனுப்பிய கேள்வித்தாளில் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்பதும் உண்டு, காயம் பட்டபோது வலித்ததா, இல்லை அதிர்ச்சியில் எதுவுமே தெரியவில்லையா என்பதும் உண்டு. இப்படி ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

1959இல் அது 'தி லாங்கஸ்ட் டே' என்ற புத்தகமாக வந்தது. அதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு ஜோடி ஷூ. ஜூன் 6, அந்தக் கரையைக் காத்த ஜெர்மன் தளபதி ரோமலின் மனைவிக்குப் பிறந்தநாள். அதற்காக பாரிசில் வாங்கிய சாம்பல் நிற ஷூவோடு ரோமல் 4ஆம் தேதி காலையே காரில் ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுகிறார். தளபதி ஊரில் இல்லாத அன்றுதான் படை வந்து இறங்குகிறது. ஷூவின் அளவு என்ன என்பது வரை ரயன் விசாரித்து எழுதியிருக்கிறார்: ஐந்தரை. முழு வியூகமும் புரிய வேண்டுமென்றால் வேறு புத்தகங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும், உண்மைதான். ஆனால் அன்று காலை கரையில் நின்றவனுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் நான் இவரைத்தான் கையில் கொடுப்பேன்.

1970இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கும் வலிக்கும் நடுவே நெதர்லாந்தில் நடந்த ஆர்னெம் சண்டையைப் பற்றிய 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' நூலை எழுதி முடித்தார். 1974இல் அது வெளிவந்தது, அதே வருடம் நவம்பரில் இறந்துபோனார். தன் நோயைப் பற்றியும் ரகசியமாக டேப்பில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்திருக்கிறார். நிருபர் புத்தி, விடாது.

அந்தக் கேள்வித்தாள்களும் பேட்டிக் குறிப்புகளும் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, புத்தகத்தில் இடம் கிடைக்காதவர்கள் எழுதியதும் சேர்த்து. என் பர்மா நோட்டை, வீடு மாற்றும்போது பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டேன்.