டைரி எழுதிய வருஷம்

ஜனவரியில் டைரி எழுதாதவர் யார்? பொங்கல் வரைக்கும் ஓடும். அப்புறம் அது பால் கணக்குக்குப் போகும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கிறுக்கித் தீர்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் பல வருஷமாக அதுதான் வழக்கம். 2023இல் எப்படியோ டிசம்பர் வரை எழுதிவிட்டேன். விட்டுவிட்டுத்தான், ஆனால் எந்த மாதமும் காலியாகப் போகவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு உதவுமே என்று சொல்கிறேன்.

நான் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வருஷக் கடைசியில் சரக்கு போடுகிறவர்கள் டைரி கொண்டுவந்து கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது சிவகாசி அச்சு, பச்சை ரெக்ஸின் அட்டை. முன்பக்கங்களில் ரத்தப் பிரிவு, பாலிசி எண், விபத்து நேர்ந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் இடம் விட்டிருந்தார்கள். ஊர் ஊராக எஸ்.டி.டி. கோடு வேறு. நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அரைப் பக்கம். டைரி அடிக்கிறவர்களுக்கு ஞாயிறு என்றால் ஒன்றும் நடக்காத நாள் போலிருக்கிறது. வீட்டுப் பெண்களைக் கேட்டிருக்கலாம். 2023 பிறந்ததே ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளே இடம் போதவில்லை.

ஜனவரிப் பக்கங்களை இப்போது படித்தால் எனக்கே தாங்கவில்லை. 'மனதில் இனம்புரியாத ஒரு பாரம்' என்று ஒரு நாள். என்ன பாரம், எதனால் வந்தது, ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த வருஷத்திலும் எழுதக்கூடிய வரி அது. பிப்ரவரியில் அதுவும் வற்றிவிட்டது. ராத்திரி சமையலறையை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் கை ஓடாது, கண் சொருகும். ஒருநாள் விட்டதைக் காலையில் காப்பி குடித்துக்கொண்டே எழுதினேன். அது சரியாக வந்தது. அதிலிருந்து முந்தின நாள் கதையை மறுநாள் காலையில்தான் எழுதுவது. ராத்திரி பெரிசாகத் தெரிந்த சண்டை காலையில் அரை வரியில் முடிந்துவிடும். தூங்கி எழுந்த பிறகும் எது நினைவில் நிற்கிறதோ அதை எழுதினால் போதும்.

என்ன எழுதுவது என்ற குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. நூலகத்தில் அவர் நாட்குறிப்பில் ஒரு தொகுதி கிடைத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761இல் இறக்கும்வரை, இடையிடையே விட்டுப்போனாலும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார்கள், கவர்னர் டூப்ளே என்ன சொன்னார், அதற்கு இவர் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. டூப்ளேயின் மனைவி மேல் இருந்த கசப்பையும் மறைக்கவில்லை. அவர் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1846இல்தான் இப்படி ஒன்று இருப்பது வெளியே தெரிந்ததாம். அவரிடம் பாரம் கீரம் எல்லாம் குறைவு. யார் வந்தார்கள், என்ன பேச்சு நடந்தது, என்ன விலை என்பதுதான் நிறைய. படிக்கும்போது அவர் மனசும் தெரிந்துவிடுகிறது. சரி, நமக்கும் இதுதான் வழி என்று பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சிரமமே இல்லை. ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் சில ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். புளியை வைத்தே நான் ஓட்டிய குழம்புகளின் பட்டியல் அந்த மாதப் பக்கங்களில் இருக்கிறது. ஆகஸ்ட் 23ஆம் தேதிப் பக்கத்தில் இரண்டே வரி. 'சாயங்காலம் சந்திரயான் நிலாவில் இறங்கியது, கடையில் எல்லோரும் கை தட்டினோம். மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜ் எல்லாம் நாசம்.' இரண்டுமே நடந்ததுதானே.

வீட்டில் டைரி எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. பூட்டி வைத்தால் சந்தேகம் வரும், திறந்து வைத்தால் படிப்பார்கள். நான் சாமி அலமாரி பக்கத்திலேயே வைத்துவிட்டேன். ஒருநாள் அத்தை கேட்டார்.

"ஏம்மா, என்னைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கே?"

"உங்க மாத்திரை பேரு எழுதியிருக்கேன் அத்தை."

"அவ்வளவுதானா?" அவர் முகம் வாடிவிட்டது.

உண்மையில் அத்தைதான் எனக்கு முன்னோடி. தினசரி காலண்டர் தாளில் சிலிண்டர் வந்த தேதி, வேலைக்கார அம்மா வராத நாள், பால் பாக்கெட் கூட வாங்கிய கணக்கு, எல்லாவற்றையும் பென்சிலால் பொடியாகக் குறிப்பார். மறுநாள் தாளைக் கிழித்தாலும் எறிய மாட்டார். கிளிப்பில் கோத்து வைப்பார். அதை டைரி என்று அவர் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவருக்குத் தலைசுற்றல் என்று டாக்டரிடம் போனபோது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் "ஒரு மாசமா இருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பையில் இருந்த டைரியைப் புரட்டினால், பிரஷர் மாத்திரையை மாற்றிய மூன்றாம் நாளே 'அத்தை குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்' என்று இருக்கிறது. அது நடந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. டாக்டர் அந்தப் பக்கத்தைத் தானே வாங்கிப் படித்தார். மாத்திரையின் அளவைக் குறைத்தார். அதிலிருந்து வீட்டில் டைரிக்கு மரியாதை வந்துவிட்டது.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிடித்த மழை, திங்கள் முழுக்க விடவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போனது, அப்புறம் சிக்னல் போனது, சாயங்காலம் போனில் சார்ஜும் போனது. டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன். கீழ் வீட்டுக்காரர்கள் மிக்ஸி, கிரைண்டர், பாடப் புத்தகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஒருவர் 50 ரூபாய் என்றார். பேரம் பேசாமல் வாங்கினேன். மோட்டார் ஓடாததால் மொட்டை மாடியில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடித்தோம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதாமல், அடுத்த வாரத்துப் பக்கங்களிலும் புகுந்து எழுதியிருக்கிறேன். கரண்ட் வந்த நேரத்தை மட்டும் பெரிய எழுத்தில், மேலே.

பின்னால் நிவாரணம் 6,000 ரூபாய்க்கு ரேஷன் கடையில் வரிசையில் நின்றபோது, எந்த வீட்டில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று ஒரே வாக்குவாதம். ஆளுக்கொரு தேதி சொன்னார்கள். "அவங்க எழுதி வச்சிருப்பாங்க, கேளுங்க" என்று கீழ் வீட்டு அம்மா என்னைக் கைகாட்டினார்.

இப்போது அச்சடித்த டைரி வாங்குவதில்லை. பாரிமுனையில் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி, தேதியை நானே போட்டுக்கொள்கிறேன். எழுத ஒன்றுமில்லாத நாளுக்கு ஒரு வரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய மட்டும். அத்தையின் காலண்டர் தாள்களையும் வாங்கி அந்தந்தத் தேதியில் ஒட்டிவிடுகிறேன். முதலில் தயங்கினார். இப்போது தேதி தப்பி ஒட்டினால் அவரே கண்டுபிடித்துச் சொல்கிறார்.