மன்னன் தலை விழுந்த தேதியைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்

மன்னனை எதிர்த்துக் கலகம் செய்ய மக்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு, அரசியல் தத்துவத் தாளில் முதல் தடவை எனக்கு மதிப்பெண் போனது ஒரே வரியால். 'பதினாறாம் லூயியைக் கொன்றதைப் பார்த்துக் கொதித்துப்போய் பர்க் எழுதினார்' என்று எழுதிவிட்டேன். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து பிரிட்டிஷ் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் எழுதிய நூல் வந்தது 1790 நவம்பரில். பிரெஞ்சு மன்னர் லூயியின் தலை விழுந்தது 1793 ஜனவரி 21-ல். திருத்தியவர் ஓரத்தில் இரண்டு ஆண்டுகளையும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அப்புறம் நோட்டில் நடுவே ஒரு கோடு இழுத்தேன். இந்தப் பக்கம் மன்னர்களுக்கு நடந்தது, அந்தப் பக்கம் நூல்கள். 1649-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை, 1651-ல் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸின் 'லெவியதான்' நூல். உள்நாட்டுப் போர்க் காலத்து மனிதர் கலகம் என்றாலே ஏன் அப்படி அஞ்சினார் என்பது தானாகப் புரிந்தது. வழுக்குகிற இடம் இன்னொரு ஆங்கிலத் தத்துவவாதியான லாக். அவர் நூல் 1689 கடைசியில் வெளியானதால், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸை அகற்றிய 1688 புரட்சிக்கு வக்காலத்து வாங்கவே எழுதினார் என்று தோன்றும். பெரும்பகுதியை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதிவிட்டார் என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

தேதி கைக்கு வந்ததும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: மன்னன் எல்லை மீறினான் என்று தீர்ப்புச் சொல்வது யார்? மக்கள்தான் என்கிறார் லாக். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் அங்கேதான் மடக்குகிறார். ஆள்பவருக்கும் மக்களுக்கும் வழக்கு என்றால், ஒரு தரப்பே நீதிபதியாக உட்கார முடியுமா? ஆகவே கலகம் செய்ய உரிமை கிடையாது. சரி, ஆனால் அதே கான்ட் 1798-ல், பிரெஞ்சுப் புரட்சியைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு எழுந்த உற்சாகத்தை மனித குலத்தின் அறநாட்டத்துக்கு அடையாளம் என்கிறார். இது முரண்பாடு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நான் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்கிறவனின் உரிமை வேறு, பார்க்கிறவனின் மனம் வேறு. அவர் பேசுவது இரண்டு தனித்தனி விஷயங்களைப் பற்றி.

பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரொபெஸ்பியர், தீர்ப்புச் சொல்வது யார் என்ற அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. லூயியை விசாரித்தால் அவர் நிரபராதியாகவும் இருக்கலாம் என்றாகும். அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது புரட்சிதானே என்று 1792 டிசம்பரில் வாதிட்டார். இதற்குப் பக்கத்தில், அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகளை ஆதரித்து எழுதிய தாமஸ் பெய்னை வையுங்கள். முடியாட்சியை அவ்வளவு வெறுத்த மனிதர், லூயியைக் கொல்ல வேண்டாம், அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்றார். 'ஆதரவு', 'எதிர்ப்பு' என்று இரண்டு பத்தி பிரித்து எழுதினால் பெய்னை எதில் போடுவீர்கள்? இரண்டாம் தடவை நான் விடையைத் தொடங்கியதே அவரை வைத்துத்தான்.