நடை சாத்திய துங்கநாத்தில்

உத்தராகண்டில் இமயமலை மேலே இருக்கிற சிவன் கோயிலான துங்கநாத்துக்குத் தை மாதம் போகிறேன் என்றதும் ஆபீசில் ஆரம்பித்து ரிஷிகேஷ் ஜீப் ஸ்டாண்ட் வரைக்கும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான், இப்போது நடை சாத்தியிருக்குமே. தெரியும். தீபாவளியை ஒட்டி நடை சாத்தி, உற்சவரைப் பல்லக்கில் மக்குமட் கிராமத்துக்கு இறக்கிவிடுவார்கள், மறுபடி ஏறுவது சித்திரை, வைகாசியில்தான். அதுவரை மேலே பூசாரியும் இல்லை, பூஜையும் இல்லை, பனிதான். ஆனால் எனக்கு லீவு கிடைப்பது பொங்கலை ஒட்டித்தான், அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, நேர்ந்துகொண்டதைத் தன் காலத்திலேயே செலுத்திவிட வேண்டும் என்று தினமும் நச்சரிப்பு.

வேண்டுதல் என் அண்ணனுக்காக. ரைஸ்மில் பெல்ட்டில் வலது கை மாட்டி, கையை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர்கள் சொன்ன அந்த ராத்திரி, அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து துங்கநாதரை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். அதற்கு முன்பே கேதார்நாத் போய் வந்தவள். பஞ்சகேதாரம் என்கிற ஐந்து சிவன் கோயில்களில் ஈசனின் திமில் கேதாரத்தில், புஜம் துங்கநாத்தில் என்று அங்கே யாரோ சொன்னதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். கைக்கு உரிய சாமியிடம் கையைக் கேட்டாள், கொடுத்துவிட்டார். இரண்டு விரல் சரியாக மடங்காது, மற்றபடி அண்ணன் மூட்டையும் தூக்குகிறான், பேத்தியையும் தூக்குகிறான். நடை சாத்தியிருக்குமே அம்மா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "கதவு சாத்தியிருந்தா என்ன கண்ணு, அவருக்குக் காது கேக்காதா?" என்றாள். பவானி கூடுதுறைக்குப் போய் ஒரு சின்ன பாட்டிலில் காவிரித் தண்ணீரும் சங்கமேஸ்வரர் கோயில் திருநீறும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அப்புறம் என்ன பேசுவது.

ரிஷிகேஷில் ஜீப் புரோக்கர்கள் ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ரோடு பிளாக், பஸ் போகாது, தனி வண்டிதான் என்று மிரட்டி வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார்கள். பஸ் அது பாட்டுக்குப் போயிற்று. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை தாண்டி மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர் வருகிறது, நம்ம பொதிகைக்காரர் அங்கேயும் கோயில் கொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகவே கும்பிட்டுக்கொண்டேன். உக்கிமட்டில் ஓங்காரேஸ்வரர் கோயில். குளிர்காலம் முழுக்கக் கேதார்நாதருக்கு அங்கேதான் பூஜை. சீசனில் மேலே கேதாரத்தில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று நாலு நொடி பார்க்கிற சாமியை, அங்கே தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். யாரும் ஜருகண்டி சொல்லவில்லை.

துகல்பிட்டாவுக்கு மேலே ரோட்டிலேயே பனி, ஜீப் நின்றுவிட்டது, மலையேற்றம் தொடங்குகிற சோப்டா வரை நடைதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, சோப்டா முழுக்க டெல்லிப் பக்கத்துப் பசங்கள், ஸ்பீக்கரில் பாட்டு, தலைக்கு மேலே டிரோன், கோயிலுக்குப் போகிற வழியில் காலி பாட்டில்கள். கைடு இல்லாமல் போகக் கூடாது என்று ஒருத்தன் விடாமல் பின்னாலேயே வந்தான். எரிச்சலாகிவிட்டது. ஷூவுக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பல் சங்கிலியையும் ஒரு கம்பையும் மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் கூட்டம் மொத்தமும் இறங்கியிருந்தது. பாதையில் நான் ஒருத்தன்தான். டீக்கடைக்காரர் மட்டும், போலேநாத் (சிவனைத்தான் சொல்கிறார்) கீழே மக்குமட்டில் இருக்கிறார், நீ எதற்கு மேலே போகிறாய் என்று இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

தூரம் என்னவோ 4 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் சுமார் 1,000 மீட்டர் ஏற வேண்டும். கோயில் இருப்பது 3,680 மீட்டர் உயரத்தில். கல் பாவிய பாதை பனிக்கு அடியில் எங்கோ இருந்தது, அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடிக் கம்பியை வைத்துத்தான் வழி தெரிந்தது. மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் முழங்கால் வரை புதைந்தது. ஒரு வளைவில் வெயிலே படாத சரிவு, அங்கே பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்டது, இடது பக்கம் நேராகப் பள்ளம். திரும்பிவிடலாமா என்று நின்றேன். வாய் தானாக நமசிவாய சொல்ல ஆரம்பித்தது. உட்கார்ந்து, கம்பை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நமசிவாய என்று நகர்ந்து தாண்டினேன். பத்தடி தூரம்தான் இருக்கும், எவ்வளவு நேரம் ஆயிற்றோ. அந்தப் பக்கம் போய் நின்றபோது, பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு மோனால் பறவை நீலமும் பச்சையுமாக மின்னிக்கொண்டு கீழே பறந்தது. எனக்கு முருகன் ஞாபகம் வந்துவிட்டது.

மேலே யாருமே இல்லை. கோயில் நுழைவு வளைவில் கட்டியிருந்த மணிகளில் ஒன்றின் நாக்கு பனியில் ஒட்டி அசையவில்லை. நந்தி கழுத்து வரை பனியில், முகம் மட்டும் கதவைப் பார்த்தபடி. கதவில் பூட்டு. அபிஷேகத்துக்குத்தான் வழியில்லை, வாசற்படியிலாவது காவிரியை ஊற்றலாம் என்று பாட்டிலை எடுத்தால், ராத்திரியே உறைந்து கட்டியாகியிருக்கிறது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து இப்படியா! ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவுக்கு எதிரே பையைப் போட்டு உட்கார்ந்தேன். துங்கநாத்துக்கென்று பதிகம் கிடையாது, கேதாரத்துக்கு உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் நின்றபடியேதான் கேதாரத்தைப் பாடினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. நான் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் ஒரு கதவுதான். சுந்தரர் பதிகத்தை எடுத்தேன், மூச்சு வாங்கி வாங்கிப் பாதிப் பாட்டில் நின்று நின்று பாடினேன், விலா மரத்துப்போனது, கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. பாடி முடித்துப் பாட்டிலை எடுத்தபோது ஓரமாகக் கொஞ்சம் உருகியிருந்தது. மூடியில் பிடித்து மூன்று மூடி வாசற்படியில் விட்டேன். அண்ணன் பேரைச் சொன்னேன். வலது கை என்றும் சொன்னேன், அவருக்குத் தெரியாதா என்ன. அப்பா, துங்கநாதா, எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தத் தகுதியும் இல்லை, கேட்ட ராத்திரியே கொடுத்தாயே.

சந்திரசிலா உச்சி இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் மேலே. நான் போகவில்லை. சௌகம்பா சிகரங்கள் நான்கும் நன்றாகத் தெரிந்தன, அது போதும்.

மறுநாள் மக்குமட். அங்கே மார்க்கண்டேயர் பேரில் உள்ள கோயிலில்தான் துங்கநாதருக்குக் குளிர்கால பூஜை, திருக்கடையூர்க்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். அந்த ஊர் மைதானி பிராமணர்கள்தான் பூஜை செய்கிறவர்கள். தனியாகவா மேலே போனாய் என்று பெரியவர் ஒருவர் நன்றாகத் திட்டிவிட்டு, சங்கல்பத்துக்குப் பேர், கோத்திரம் கேட்டார். சிவகோத்திரம் என்றேன், தலையாட்டிக்கொண்டார். தட்சிணை இவ்வளவு என்று கேட்கவே இல்லை. மீதிக் காவிரியை அவரிடம் கொடுத்தேன், அபிஷேகத் தீர்த்தத்தோடு சேர்த்துக்கொண்டார். அம்மாவின் தண்ணீர் சாமி மேலேயே விழுந்துவிட்டது.

குளிர்காலத்தில் துங்கநாத் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் மேலே செல்பி எடுத்துவிட்டு நேராக ரிஷிகேஷுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சாமி கீழே ஊருக்குள்தான் இருக்கிறார். உக்கிமட் சோப்டா ரோட்டில் மக்குமட்டுக்குத் திரும்புகிற இடமான மக்கு பெண்ட் என்று கேட்டு இறங்குங்கள். ஷேர் ஜீப் வந்தால் வரும், வராவிட்டால் நடக்க வேண்டியதுதான்.